பாவு முடியட்டும்

"கீதா, உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் காசியம்மாள் தன் சொந்த வீட்டுக்குள் காலை வைப்பார். பதில் வரும்வரை நடையில் நிற்பார். ஒருநாள் ஜன்னல் கதவு இறுகிக் கிடந்ததைப் பார்த்து, "ஆசாரிய இட்டாந்து இத இழைக்கட்டுமா? ஒங்களுக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லயே?" என்று குடியிருப்பவரிடம் அனுமதி கேட்டார். பத்திரம் அவர் பெயருக்கு மாறிவிட்டது. பழக்கம் இன்னும் மாறவில்லை.

ஆரணி பஸ் நிலையத்துக்கு வெளியே, வேலூர் வண்டிகள் திரும்பும் முனையில் அவருடைய இட்லிக் கடை. களம்பூருக்குப் பக்கத்தில் நெல் விளையும் ஊரில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து வாடகை வீடுதான். கணவர் போன பிறகும் அப்படியே. வீட்டுக்காரர்களைப் பற்றி அவர் அறிந்திருப்பது ஒரு தனிச் சாஸ்திரம். விருந்தாளி வந்தால் மோட்டாரை நிறுத்துகிறவர், ஆணி அடிக்கும் சத்தத்துக்கு மாடியிலிருந்து ஓடிவருகிறவர், கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவர் என்று எல்லா வகையும் தெரியும். "அவங்க வூட்டு முத்தத்துல மழ பேஞ்சாக்கூட கேட்டுகினுதான் நனையணும்" என்பார். உடைமை என்பது பிறரை வெளியே நிறுத்தும் உரிமை என்று, அவர் கடையில் தினமும் சாப்பிடும் நான் புத்தகத்தில் படித்ததை, அவர் வெளியே நின்றே கற்றிருந்தார்.

நல்லவர் என்ற ஒரே சொல்லில் அவரை அடக்க எனக்குத் தயக்கம் உண்டு. சட்னியில் கை மிகவும் இறுக்கம். பாதி இட்லியை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவரை, பஸ் மறையும்வரை வைவார். வீடு வாங்கிய செய்தி பரவியதும் அரிசி ஆலை லாரி ஓட்டுநர் ஒருவர், "ஓனரம்மா, இன்னொரு கரண்டி ஊத்து" என்றார்.

"ஓனரம்மான்னு கூப்ட்டா எப்டிப்பா வரும்? ஓனருங்க என்னிக்கு அடுத்தவங்களுக்கு ஊத்திகீறாங்க?"

வாங்கிய வீடு சின்னது. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் தண்ணீர்த் தொட்டி. கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருக்கிறது. தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து பட்டு நெய்யும் தறி. நெய்பவர் கந்தசாமி. கூடவே வேலை செய்பவர் மனைவி கீதா. அவர்கள் குடியிருக்கும்போதே வீடு கைமாறியது. எப்போது காலி செய்வார்கள் என்பதுதான் காசியம்மாள் கேட்ட ஒரே கேள்வி. "தறியில பாவு முடியட்டும்மா, கெளம்பிடுவாங்க" என்றார் தரகர் ராஜவேலு. கந்தசாமியும் தலையாட்டினார்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். அது தீரும் பொருள் என்று காசியம்மாள் எடுத்துக்கொண்டார். நெல் ஊர்க்காரரின் கணக்கு அது: அறுத்தால் வயல் காலி.

அவருக்கு அவசரமும் இருந்தது. அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் கிருஷ்ணம்மாள், மகன் கல்யாணத்தை முன்னிட்டு வைகாசி போவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கடையை மூடியதும் காசியம்மாள் அடிக்கடி தறி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்.

"இன்னும் எவ்ளோ கீது தம்பி?"

"ஒரு பொடவதாங்க்கா."

கந்தசாமி ஒருபோதும் பொய் சொல்லவில்லை.

கடைசிப் புடவையும் அறுத்தாயிற்று என்று கேள்விப்பட்ட அன்று, கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புடவை இறங்கியிருந்தது. தறி இறங்கவில்லை. கீதா அதன் முன் குனிந்து விரல்நுனியால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"பாவு பிணைக்கிறேங்க்கா. பழைய இழையோட முனையில புது இழைய ஒண்ணொண்ணா முறுக்கிச் சேக்கறது."

"அப்ப முடியறதுன்னா?"

கீதாவின் விரல்கள் நின்றன. கந்தசாமி எழுந்து வந்தார். "நீங்களும் தறிக்காரங்க வூட்டு ஆளுன்னு நெனச்சிகினோங்க. எங்க ஜனத்துல பாவு முடியட்டும்னா, பாக்கலாம்னு அர்த்தம். வேற வூடு தேடிகினுதான் கீறோம். தரையில குழி வெட்டணும்னா யாரும் உட மாட்டேன்றாங்க." கத்தரியைக் கையில் எடுத்தார். "ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே அறுத்துடறேன்."

அறுத்துவிட்டால், இடம் கிடைக்கும் அன்று அத்தனை இழைகளையும் முதலிலிருந்து தறியில் கோக்க வேண்டும். கிடைக்கும்வரை பிழைப்பு இல்லை. இதை அவர் சொல்லவில்லை. கீதாவின் முகம் சொன்னது.

காசியம்மாள் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கலாம்னு அர்த்தமா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "பாஷ தெரியாத ஊர்ல வூடு வாங்கி வச்சிகீறேன் பாரு, நல்ல பேஜாரு. அத கீழ வையி தம்பி."

பிறகு போனை எடுத்தார்.

"ராஜவேலு, வாடகைக்கு ஒரு வூடு பாருப்பா. ஜல்தியா வேணும். யாருக்கா? எனக்குத்தான். சிரிச்சே, ஒதப்பேன்."

வைகாசி வெயிலில் கூடம் கொதித்தது. கீதாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், வந்தவருக்காக மின்விசிறியைப் போட்டாள். பிணைக்காமல் கிடந்த பட்டு இழைகள் மேலெழுந்து ஒன்றோடொன்று சிக்கத் தொடங்கின. காசியம்மாள் போய் விசிறியை அணைத்தார். வந்து தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.