கொசுவம் வைத்த ஸ்கிரீன்

நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டு உள்ளறைக்குக் கதவு கிடையாது. நிலை மட்டும் நின்றது. இன்றைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று தச்சன் சொல்லிக்கொண்டே இருந்தான். என் மாமியார் முன்னறையில் கட்டில் போட்டுப் படுப்பார்கள். அந்தக் கட்டில் உள்ளறை வாசலுக்கு நேர் எதிரே.

என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போகிற தோணியில் வேலை பார்த்தார். வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார். அதனால் கதவு இல்லாதது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் தோணி ஓடாது. மாசக்கணக்கில் அவர் கரையில்தான். அந்த வருஷம் கச்சான் நெருங்க நெருங்க எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம் பொங்கியது. அந்த வெறும் நிலையைப் பார்த்தால் கூச்சமும் கூடவே வந்தது. அவர் வருவதற்குள் அந்த வாசலில் நல்ல ஸ்கிரீன் ஒன்று தொங்கியாக வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஸ்கிரீன் என்றால் எங்கள் தெருவில் பழைய சேலையைக் கிழித்து, மேல்பக்கம் மடித்துத் தைத்து, அதற்குள் ஸ்பிரிங்கை நுழைத்து, இரண்டு ஆணியில் இழுத்து மாட்டுவதுதான். கொஞ்ச நாளில் ஸ்பிரிங் தொய்ந்துவிடும். நடுவில் தொங்கி, எட்டிப் பார்க்க வாகாக இடம் விட்டு நிற்கும். எனக்கு அது ஆகாது. புதுத் துறைமுகத்தில் ஓர் ஆபீசர் வீட்டில் என் பெரியம்மா மகள் சமையல் வேலை பார்த்தாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில் கண்டேன் அந்த ஸ்கிரீனை. மேலே மூன்று மூன்று மடிப்பாகக் கிள்ளித் தைத்திருந்தது. ஒவ்வொரு கிள்ளலுக்குப் பின்னாலும் ஒரு கொக்கி, கொக்கிக்கு ஒரு பித்தளை வளையம், வளையங்கள் ஓட ஒரு கம்பு. துணி குழல் குழலாகத் தரைக்கு இறங்கியது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

கொசுவம் வைக்கவென்றே வாசல் அகலத்துக்கு இரண்டு பங்கு துணி எடுத்தேன். நீலத்தில் பெரிய பெரிய மஞ்சள் பூ. தையல்கடை அண்ணாச்சி துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கொசுவம் சேலைக்கு வைப்பாவ. வாசலுக்கும் வைக்கணுமா, தாயி?”

மடிப்பு விறைத்து நிற்க உள்ளே ஒரு பட்டை வைக்க வேண்டும், அது தன்னிடம் இல்லை என்று சொல்லி, ஓரத்தை மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டார். அதற்குள் கச்சான் வந்துவிட்டது. அவரும் வந்துவிட்டார்.

துணியைக் கண்டதும் அவருக்குக் கை துறுதுறுத்தது. இதற்கு எதற்குத் தையல்கடை என்று கேட்டு, மேல் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, தோணியில் பாயைக் கட்டுகிற மாதிரியே கயிற்றைக் கோத்து ஒரு மூங்கிலில் இறுக்கிக் கட்டி மாட்டினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் காற்றில் கீழ்ப்பக்கம் படபடத்தது. துணி சும்மா படபடப்பதைத் தோணிக்காரர் பார்த்துக்கொண்டு இருப்பாரா? கீழ் முனை இரண்டையும் நிலையில் ஆணி அடித்துக் கட்டிவிட்டார். நான் எப்படி உள்ளே போக, வெளியே வர என்று கேட்டேன். குனிந்து போ என்றார்.

மறுநாள் சாயங்காலம் மதினி வந்திருந்தாள், அவருடைய அக்கா. மாமியும் அவளும் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். புழுக்கமாக இருக்கிறது என்று அவர் வந்து பின் ஜன்னலைத் திறந்தார். அவ்வளவுதான். கச்சான் நேரே உள்ளே புகுந்தது. ஸ்கிரீன் முன்னறைப் பக்கம் வயிறு புடைத்தது. மஞ்சள் பூவெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்தன. மூங்கில் முனகியது, ஆணி பிடுங்கிக்கொண்டது, எல்லாம் சேர்ந்து பறந்து போய் மாமியையும் மதினியையும் காப்பித் தம்ளரையும் ஒன்றாக மூடிவிட்டது.

துணிக்கு அடியிலிருந்து மாமியின் குரல் நிதானமாக வந்தது.

“ஏலே, வீட்டக் கொழும்புக்கு ஓட்டிட்டுப் போறியா?”

மதினிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தாள்.

“ஏளா, அம்மைக்குக் கண்ணு மங்கல்தான், காதுதான் கூர்ம. நீ அதுக்குல்லா திரை போடணும்.”

எனக்கு முகமெல்லாம் தீயாய் எரிந்தது. ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்போடேயே, எனக்குக் கொசுவம் வைத்ததுதான் வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

விறைப்புப் பட்டைக்கு அவர் தோணியின் பழைய பாயிலிருந்து ஒரு கீற்று வெட்டிக்கொண்டு வந்தார். எனக்குக் கையெழுத்துப் போடத்தான் வரும். ஆனால் ஒரு மடிப்பைக் கண் பார்த்துவிட்டால் விரல் மறக்காது. நான் மூன்று மூன்றாகக் கிள்ளிப் பிடித்தேன். அவர் பாய் தைக்கிற ஊசியால் குத்தினார். பித்தளை வளையம் கோத்து மாட்டினோம். கீழே கட்டு இல்லை. காற்று வந்தால் துணி தூக்கி வழிவிட்டது, போனதும் குழல் குழலாக இறங்கி நின்றது. எங்கள் தெருவில் அப்படி ஒன்று அதுதான் முதல். பார்க்க வந்த பெண்கள் தொட்டுத் தொட்டு அழுக்காக்கினார்கள்.

அந்தப் பெண்கள் எல்லாரும் போன பிறகு ஸ்கிரீனை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன். வளையங்கள் கலகலவென்று கோயில் மணியாக ஒலித்தன. மாமியோடு கட்டிலில் இருந்த மதினிக்கு மறுபடி விக்கல். இனிமேல் நான் உள்ளே போவதும் அவர் உள்ளே வருவதும் தெருவுக்கே கேட்குமே. அடுப்படிக்குப் போய் மீன் அரிந்தேன்.

திரும்பி வந்தால் ஸ்கிரீன் வாசலில் இல்லை. மாமி அதைக் கட்டிலில் கிடத்தி, வளையங்களை மடியில் போட்டு, ஒவ்வொன்றையும் வலை பின்னுகிற நூலால் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தலை நிமிரவில்லை.

“பித்தளைச் சத்தம் எனக்கு ஆகாது. உறக்கம் கெடுது.”

மதினி வாயைத் திறந்தாள். மாமி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

மறுபடி மாட்டியதும் இழுத்துப் பார்த்தேன். பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. மஞ்சள் பூவுக்குள் முகத்தைப் புதைத்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். என்ன, என்ன என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கச்சான் முடியும் முன்னே தச்சன் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தான். கொல்லையில் சாத்தி வைத்துவிட்டுப் போ என்றேன்.