படத்துக்காக ஊதிய சங்கு

நாங்கள் நாலு பேர். ஒரே ஐ.டி.ஐ., ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியை இழுத்து மூடினார்கள். மாதக்கணக்கில் கேட்டுக்கு எதிரே யூனியன் பந்தலில் உட்கார்ந்து கிடந்தோம். ஆரம்பத்தில் ஐயோ பாவம் என்று நின்றவர்கள்கூட அலுத்துப்போய், பார்க்காத மாதிரி சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்கள்.

நால்வரில் ஒருவனுக்குத் தவிப்பு அதிகம். மண்ணூர்பேட்டையில், கம்பெனிக்கு வரும் வழியிலேயே ஒரு வீட்டில், அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. தட்டு மாற்றிய மறுவாரமே கதவடைப்பு. "கம்பெனி தெறக்கட்டும் மாப்ளே, மறுநாளே முகூர்த்தம் குறிச்சிடலாம்" என்றார் பெண்ணின் அப்பா. போகப்போக 'மாப்ளே' போய் 'தம்பி' வந்தது. அதற்கப்புறம் அவனுக்குத் தூக்கமில்லை.

அப்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பர்கள், அவர்களுடைய காதல், கலாட்டா. சிரிப்புப் படமாம். எங்களுக்குத் திறக்காத கேட்டை முதலாளி அவர்களுக்குத் திறந்துவிட்டார். வயிறு எரிந்தது. ஆனாலும், தொழிலாளிகளாக வந்து நடந்தால் பேட்டாவும் பிரியாணியும் உண்டு என்றதும் நாங்களே பந்தலைப் பிரித்து ஓரம் வைத்தோம். பந்தல் கேமராவில் விழுகிறதாம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவன் மட்டும் வரவில்லை. "நெஜமா தெறக்கும்போது வரேன்டா. இந்தப் பொம்மை வேலைக்கு நான் வர்ல" என்று வீட்டில் படுத்துவிட்டான்.

காட்சி சுலபமானது. சங்கு ஊதும், நாங்கள் சிரித்துப் பேசியபடி கேட்டுக்குள் போகவேண்டும். கரண்ட் இல்லாததால், ஜெனரேட்டர் வண்டியிலிருந்து வயர் இழுத்து எங்கள் கம்பெனிச் சங்கையே ஊதினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஒருத்தனுக்கும் சிரிப்பு வரவில்லை. "ஏன்யா, எழவு வீட்டுக்கா போறீங்க?" என்று டைரக்டர் கத்தினார். மறுபடி ஊதினார்கள்.

அந்தச் சங்கு மண்ணூர்பேட்டை முழுக்க, அவன் வீடு வரைக்கும் கேட்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சங்கு நின்ற கொஞ்ச நேரத்தில் கேட்டைச் சாத்திவிடுவது எங்கள் கம்பெனி வழக்கம். பிந்தினவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் சத்தம் கேட்டால் எங்களுக்கு மூளைக்கு முன்னால் கால் ஓடும்.

அவன் ஓடி வந்தான். யூனிபார்ம் சட்டையில் பொத்தான் மாறியிருந்தது. கையில் டிபன் பாக்ஸ், காலி டிபன் பாக்ஸ். கேமராவையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் புகுந்து ஷெட் வரைக்கும் போய்விட்டான். ஷெட் கதவில் பூட்டு தொங்கியது.

"யாருய்யா அவன்? பிரமாதம்!" என்று டைரக்டர் கைதட்டினார்.

அவனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "வர்றப்ப அவங்க ஊட்டாண்ட நின்னு கத்திட்டேன் மச்சான், 'மாமா, கம்பெனி தெறந்துட்சி'ன்னு. அந்தப் பொண்ணு வாசலுக்கு வந்து சிரிச்சிக்கினு நின்னுச்சிடா."

மாறிக் கிடந்த பொத்தானை அவிழ்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டான்.

"ஊட்டுக்குப் போவ வேற வழி கீதாடா?"

இருந்தது. பாடிப் பக்கம் போய்ச் சுற்றி வரவேண்டும். பிரியாணியை விட்டுவிட்டு அந்த வெயிலில் நாலு பேரும் சுற்றி நடந்தோம்.

கம்பெனி திறக்கவே இல்லை. தையில் அந்தப் பெண்ணைப் பூந்தமல்லியில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கோடையில் படம் வந்தது. ஆவடியில் மேட்னிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனவனே அவன்தான். இப்போதும் டிவியில் அதைப் போடுகிறார்கள். அந்தக் காலத்து நட்பு, அது இது என்று என் பிள்ளைகள் உருகுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு மேட்னியில், அவன் ஓடிவரும் இடத்தில் தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் ஒருவன் விசிலடித்தான். இவனோ இமைக்காமல் திரையையே பார்த்தான். படத்தில் அவன் கேட்டுக்குள் நுழைந்ததுமே காட்சி மாறிவிட்டது. பூட்டு வரவில்லை.

அவன் என் பக்கம் சாய்ந்தான்.

"உள்ள பூந்துட்டேன், பாத்தியாடா?" என்றான்.