சீவரத்தினத்தின் முன்சில்லுகள்

கரவெட்டியில் சீவரத்தினத்தின் ஜீப்பைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. "நாலு சில்லும் இழுக்கும்" என்பார்கள்; மற்ற வண்டிகளில் பின்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். வல்லிபுரத்துக்கு அப்பால் மணல்மேடுகளைத் தாண்டிக் கடற்கரைக் குடியிருப்புக்குப் போய், அங்கிருந்து மீன்பெட்டிகளோடு திரும்பிவர அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வாகனத்தால்தான் முடியும் என்று பேச்சு. ஊர் முழுக்க நம்பியது. நம்பியவர்களில் முதல் ஆள் சீவரத்தினம்தான். அதே ஊர்க்காரனான நானும் நம்பினவன்தான்.

எண்பத்து மூன்று வரைக்கும் அவன் கொழும்புக்கு லொறி ஓட்டியவன். கலவரத்தில் லொறியை எரிய விட்டுவிட்டு, உடுத்த சாறத்தோடு கப்பலில் ஊருக்கு வந்து சேர்ந்தான். பிறகு ஐந்து வருடம் தோட்டத்துக்கு நீர் இறைத்தான். புகையிலைக்கன்று நட்டாலும் அவன் கால் இல்லாத பிரேக்கைத்தான் மிதித்துக்கொண்டிருந்தது என்று பகிடி பண்ணுவார்கள். எண்பத்தெட்டின் கடைசியில், நில அளவை வேலை பார்த்த தில்லைநாதன் என்பவர் கனடாவுக்குப் போகிற அவசரத்தில் தன் ஜப்பான் ஜீப்பை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டதும் ஓடிப்போனான். வாங்க முன் அதைப் பார்த்துச் சொன்னவர் நெல்லியடியில் கராஜ் வைத்திருந்த இராசநாயகம். "நல்ல வாகனம்" என்றார் அவர். அவர் சொன்னால் சொன்னதுதான். சீவரத்தினம் வேறு கேள்வி கேட்கவில்லை.

அந்த ஜீப்பில் அவனுக்கு மிகவும் பிடித்தது முன்சில்லுகளின் நடுவில் இருந்த இரண்டு ஹப்புகள். மணலிலும் சேற்றிலும் முன்சில்லுகளும் இழுக்க வேண்டுமென்றால் அந்த ஹப்புகள் சில்லோடு பூட்டிக்கொள்ள வேண்டும். பழைய ஜீப்புகளில் சாரதி இறங்கி, இரண்டு பக்கமும் குந்தியிருந்து, கையால் திருகிப் பூட்ட வேண்டும். இவனுடைய ஜீப்பிலோ இருந்த இடத்திலிருந்து ஒரு கம்பியை இழுத்தால் போதும். முன்னால் ஒரு பச்சை லைட் எரியும். ஹப் தானே பூட்டிக்கொள்ளும். அது 'ஓட்டோ ஹப்'. வடமராட்சியில் வேறு யாரிடமும் இல்லை என்று அவனே கணக்கெடுத்து வைத்திருந்தான்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒரு மூடி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். அந்தக் காலத்தில் ஒரு வாகனத்தில் கொம்பனி பூட்டியபடியே ஒரு சாமான் இருந்தால் அதை யாரும் தொட மாட்டார்கள். தொட்டுக் கழற்றினால் பிறகு அது பழையபடி இருக்காது என்பது எல்லாருடைய பயம். சீவரத்தினம் அதற்கு ஒரு படி மேலே போனான். விஜயதசமிக்கு ஜீப்பைக் கழுவி, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, அந்த இரண்டு ஹப்புகளின் மேலும் சந்தனத்தை மூன்று விரலால் குறியாக இழுத்துவிடுவான். அடுத்த விஜயதசமி வரை அந்தச் சந்தனம் அழிய அழியத் திரும்ப இழுத்துவிடுவான். கும்பிட்டானே தவிர, ஒரு தடவையும் திறந்து பார்க்கவில்லை.

இராசநாயகம் மட்டும் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். யாரோ கழித்துவிட்ட ஜீப்பிலிருந்து எடுத்த கை ஹப் ஒரு சோடி அவரிடம் இருந்தது. எண்ணெய் பூசி, பையில் சுற்றி வைத்திருந்தார்.

"இஞ்சை பாரும் சீவரத்தினம், கையாலை பூட்டினது பூட்டினதுதான். உந்த ஓட்டோவை நம்பேலாது. வாகனத்தைப் பின்னுக்கு எடுத்தால் தானாக் கழண்டுபோம். மணலுக்குள்ளை அப்பிடிக் கழண்டால் என்ன செய்வீர்? நான் சும்மா பூட்டித் தாறன், ஒண்டும் தரவேண்டாம்."

"அண்ணை, நடுவெளியிலை ஹெலி சுத்தேக்கை, நான் சில்லடியிலை குந்தியிருந்து திருகிக்கொண்டிருக்கிறதோ? ஒரு சில்லைப் பூட்டி மற்றதுக்குப் போறதுக்குள்ளை என்னைச் சல்லடையாக்கிப் போடுவான்."

அது நியாயமான பேச்சுத்தான். ஆனால் வெளியில் சொல்லாத காரணம் ஒன்றும் அவன் மனதில் இருந்தது. இந்த மனிசன் ஏன் சும்மா பூட்டித் தரத் துடிக்கிறார்? நல்ல சாமானைக் கழற்றி எடுத்துவிட்டுப் பழசைத் தலையில் கட்டுகிற கராஜ்காரர்களை அவன் கொழும்பிலேயே பார்த்தவன். இவருக்கு என் ஓட்டோ ஹப்பில் கண், அதுதான் விசயம் என்று முடிவு கட்டிவிட்டான். முன்சில்லுப் பக்கம் அவரை அண்டவும் விடவில்லை. இது மூன்று வருடம் நடந்தது.

அந்தக் கடற்கரைக் குடியிருப்பில் அவனுடைய தங்கை அருந்ததி இருந்தாள். அவள் செபநாயகத்தைக் கட்டியதோடு வீட்டில் அவள் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். அவன் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன்; போதாததற்குக் கடல் தொழில். தகப்பன் வாசல் படலையைச் சாத்தினார்; அவளுக்கு அதைத் திறக்கவேயில்லை. சீவரத்தினம் மட்டும் மீன் ஏற்றப் போகிற சாட்டில் வாரத்தில் இரண்டு நாள் அவள் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவான். ஐந்து வருடம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியபோது, அவளுக்கு இருந்த ஒரே பயம் அந்த மணல்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அதைத் தாண்ட வேண்டும்.

"நீ ஏன் பயப்பிடுறாய்? நாலு சில்லு வாகனம் வைச்சிருக்கிற அண்ணை இருக்கேக்கை?" என்றான் அவன்.

அவள் சிரித்தாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு அது போதும்.

தொண்ணூற்றிரண்டு பங்குனியில் ஒரு நாள். வழக்கம்போல் விடியலில் கடலோரத்து ஈரமணலால் ஓடிப் போயிருந்தான். அலை நனைத்த மணல் இறுகிக் கிடக்கும். ரயருக்குக் கொஞ்சம் காற்றுக் குறைத்துவிட்டால் சிரமமே இல்லை. மூன்று வருடமாக அவன் ஓடியது பெரும்பாலும் அந்தப் பாதையில்தான். அன்றைக்கு மீன் ஏற்றி முடிய முன்னமே அருந்ததிக்கு வலி தொடங்கிவிட்டது. நாள் இன்னும் பத்து இருந்தது. ஊர்க் கிழவி ஒருத்தி தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிதான் என்று கையை விரித்தாள். அதே நேரம் நேவிக்காரனின் படகு ஒன்று கரையை ஒட்டி வந்து நின்றது. கடலோரத்தால் போனால் சுடுவான். மிச்சம் இருந்தது மணல்மேட்டுப் பாதை ஒன்றுதான். உச்சி வெயிலில் அது உமியைக் கொட்டியதுபோல் கிடந்தது.

மீன்பெட்டிகளை இறக்கி எறிந்துவிட்டு, பின்னால் பாயை விரித்து அவளைப் படுக்க வைத்தார்கள். செபநாயகமும் அயல் ஆட்கள் ஐந்தாறு பேரும் கூடவே ஓடி வந்தார்கள். சீவரத்தினம் கம்பியை இழுத்தான். பச்சை லைட் எரிந்தது. "பிடிச்சுக்கொள் தங்கச்சி!" என்று கத்தினான்.

பாதி ஏற்றத்தில் ஜீப் நின்றது. பின்சில்லுகள் மணலை அள்ளி எறிந்தன. பின்னுக்கு எடுத்தான். இராசநாயகம் சொன்னது ஞாபகம் வந்தது. பின்னுக்கு எடுத்ததால் ஹப் கழன்றிருக்கும், பரவாயில்லை, முன்னுக்குப் போனால் திரும்பப் பூட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முன்னுக்கு எடுத்தான். பூட்டவில்லை. இன்னொரு தடவை. ஜீப் அச்சுவரை இறங்கியது. பின்னால் அருந்ததி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

முன்சில்லுப் பக்கமாக நின்று தள்ளிக்கொண்டிருந்த செபநாயகம் திடீரென்று கையை எடுத்தான்.

"மச்சான், முன்சில்லு சுத்தேல்லை!"

"விசர்க்கதை கதையாதை! லைட் எரியுது!"

"லைட் எரிஞ்சால் என்ன, எரியாட்டில் என்ன? சில்லு சுத்தேல்லை எண்டுறன்! இறங்கிப் பார்!"

சீவரத்தினம் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டு அக்சிலேட்டரை மிதித்தான். எஞ்சின் கதறியது. பின்னால் மணல் பறந்தது. முன்சில்லில் அவன் இழுத்துவிட்ட சந்தனக்குறி மூன்றும் சரிந்தபடி அப்படியே நின்றன. ஒரு நூல்கூட அசையவில்லை. கண்ணால் பார்ப்பதை மூளை ஏற்க மறுத்தது. திரும்பி லைட்டைப் பார்த்தான். அது பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

ஜீப்பின் மேல் கட்டியிருந்த படங்கை இழுத்து அதில் அருந்ததியைக் கிடத்தி, ஆறு பேர் மூலைகளைப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினார்கள். அதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது. ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. நூறு யார் தூரத்துக்கு ஒருதடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். தார் றோட்டுக்கு வர ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அங்கிருந்து ஆள் ஏற்றிப் போகிற தட்டிவான் ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அருந்ததியைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளையைக் காப்பாற்றவில்லை. ஆண் பிள்ளை. ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருக்கலாமே என்று டொக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

மறுநாள் ட்ரக்டர் கட்டி ஜீப்பை இழுத்து வந்து, நேரே நெல்லியடியில் இராசநாயகத்தின் கராஜில் நிறுத்தினான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு முன்சில்லடியில் போய்க் குந்தினான். திறந்து பார்க்க அந்த ஹப்புக்கு முன்னால் அவன் குந்தியது அதுதான் முதல் தடவை. ஓட்டோ ஹப்பை நம்ப வேண்டாம் என்று சொன்ன மனிசனின் கண்முன்னாலேயே அது எங்கே உடைந்திருக்கிறதென்று பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அந்த மனிசனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் நினைத்து வந்தது அவ்வளவுதான்.

முதல் ஆணி இளகியபோது பின்னால் இராசநாயகத்தின் குரல் கேட்டது.

"திறக்காதையும் சீவரத்தினம். அதுக்குள்ளை ஒண்டும் இல்லை."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"தில்லைநாதன் வைச்சிருக்கேக்கையே உள்ளுக்குக் கிடந்த பல்லெல்லாம் நொருங்கிப் போச்சு. ரெண்டு பக்கமும் வழிச்சு எடுத்துப்போட்டு, கிறீஸைப் பூசி மூடினது நான்தான். அவர் என்ரை மச்சாளின்ரை புருசன். விக்கிற நேரம் ஒண்டும் சொல்லாதையும் எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவர். கம்பியை இழுத்தால் லைட் எரியும். சில்லுக்கு ஒண்டும் போகாது."

சீவரத்தினம் மற்ற ஆணிகளையும் கழற்றினான். மூடியை எடுத்தான். உள்ளே கறுத்துக் காய்ந்த கிறீஸ் மட்டும் இருந்தது. மற்றப் பக்கத்துக்குப் போய் அதையும் திறந்தான். அங்கேயும் அதுதான். மூன்று வருடமாக அவன் கை ஹப்போ ஓட்டோ ஹப்போ என்று வாதாடியதெல்லாம் ஒரு வெறும் மூடிக்காக. ஊருக்குள் நாலு சில்லு வண்டி என்று பெயரெடுத்தது இரண்டு சில்லில் ஓடிய வண்டி. கோபம்கூட உடனே வரவில்லை.

"நான் மூண்டு வரியமா உமக்குச் சொல்லிக்கொண்டுதானே இருந்தனான்..." என்றார் இராசநாயகம்.

"என்ன சொன்னனீங்கள்? இதைப் பூட்டு எண்டனீங்கள். உள்ளுக்கு இல்லை எண்டு சொன்னனீங்களோ?"

அவர் உள்ளே போய், கை ஹப் சுற்றியிருந்த அந்தப் பையை எடுத்து வந்து அவன் காலடியில் வைத்தார். சீவரத்தினம் அவரைத் தொட விடவில்லை. கை ஹப் இரண்டையும் தானே பூட்டினான். அந்தக் கராஜின் வாசலை அதன்பிறகு அவன் மிதிக்கவில்லை. இராசநாயகம் கெட்ட மனிசர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கை ஹப்பைத் தேடி எடுத்து எண்ணெய் பூசி வைத்திருக்கமாட்டார். ஆனாலும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், அதற்குப் பதிலாக ஒரு சாமானை நீட்டிக்கொண்டு மூன்று வருடம் நின்ற மனிசனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று அருந்ததிக்கு எல்லாவற்றையும் சொன்னான். தில்லைநாதன் ஏமாற்றியதைச் சொன்னான். இராசநாயகம் மறைத்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"ஒருக்காலும் இறங்கிப் பாக்கேல்லையோ அண்ணை?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் அவன் ஏதாவது சொல்லியிருப்பான். அவள் தெரியாமல்தான் கேட்டாள். மணலில் நிற்கிற வாகனத்திலிருந்து இறங்கி, முன்சில்லு சுற்றுகிறதா என்று யாரையாவது ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். அதற்குக் கராஜும் வேண்டாம், ஸ்பானரும் வேண்டாம்.

தொண்ணூற்றுமூன்று ஐப்பசியில் அவள் மறுபடி பிள்ளைத்தாச்சி, ஏழு மாதம். இந்தமுறை கடைசி வரை காத்திருப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கிட்டப் பருத்தித்துறையில் ஒரு அறை எடுத்து இருப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். சீவரத்தினம் அவளை ஏற்றிப்போக ஜீப்போடு வந்தான். குடியிருப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் குந்தியிருந்து ஹப்புகளைத் திருகிப் பூட்டினான். வானத்தைப் பார்க்கவேயில்லை. பிறகு ஏறி, மேட்டில் ஒருதடவை மேலே ஓட்டிக் காட்டினான். நாலு சில்லும் மணலைக் கடித்துக்கொண்டு ஏறின. மெய்யாகவே ஏறின. இறங்கி ஓடி வந்தான்.

"பாத்தனியோ தங்கச்சி? முன்சில்லு சுத்துது! நீயே கிட்ட வந்து பார்."

அருந்ததி கிட்டப் போனாள். குனிய முடியாமல், ஜீப்பின் மூக்கில் கையை ஊன்றிக்கொண்டு, அண்ணன் இன்னொருதடவை ஓட்டிக் காட்டும்வரை நின்று நிதானித்து வடிவாகப் பார்த்தாள்.

"ஓம் அண்ணை, சுத்துது" என்றாள்.

பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புருசனின் தோளைப் பிடித்தபடி, ஜீப்பில் ஏறாமல் தார் றோட்டுப் பக்கமாக மணலில் நடக்கத் தொடங்கினாள்.