பச்சை ஜீப்புக்குச் செவ்வரளி

எங்கள் வீட்டில் ஒரு ஜீப் நாற்பத்து மூன்று நாள் ஓடியது. அதைத் தேர்ந்தெடுத்தது நான். அப்போது எனக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இஞ்சினுக்கும் இட்லிக் குண்டானுக்கும் வித்தியாசம் தெரியாது. பெரியவர்கள் மூன்று பேர் சேர்ந்து அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்லிவந்தேன், போன வருடம் வரைக்கும்.

அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். மல்லசமுத்திரத்தைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு நாலு பேர் ரிக் வண்டியில் இருப்பார்கள். போர்வெல் போடும் அந்த வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி வடநாடு முழுக்கச் சுற்றும். அங்கே மழை பிடித்துக்கொண்டால் வேலை நிற்கும், ஆட்கள் ஊருக்கு வருவார்கள். அப்பா ஆனிக் கடைசியில் வருவார், ஆயுத பூஜை முடிந்ததும் போய்விடுவார். வருடத்தில் மூன்று மாதம் அப்பா, ஒன்பது மாதம் ஃபோன். அவர் வந்த முதல் வாரம் எனக்கு வெட்கமாக இருக்கும், கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். வெட்கம் தெளிந்து மடியில் ஏறி உட்காரப் பழகும்போது அவர் பையைக் கட்ட ஆரம்பித்திருப்பார்.

அந்த வருடம் அவர் வந்த மறுநாளே அம்மா சண்டை பிடித்தாள்.

“ஏனுங்க, ஊரான் தோட்டத்துக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தது போதுமுங்க. இந்தப் புள்ள, அப்பன்னா ஃபோனுக்குள்ள இருக்கற ஆளுன்னு நெனச்சுக்கிட்டிருக்கறா.”

“இங்க இருந்துக்கிட்டு நா என்ன பண்றதாம்?”

அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் மலைமேல் இருக்கிற ஊர்களுக்கு அப்போது ஒழுங்கான பாதை கிடையாது. கல்லும் மேடுமான தடத்தில் ஜீப் மட்டும்தான் ஏறும். சந்தைக்கு வருகிற ஆட்களையும் மூட்டையையும் ஏற்றி இறக்கினால் தினமும் பொழுதோடு வீடு வந்து சேரலாம். சொந்த வண்டி, சொந்த ஊர். அம்மா இதை ஆறு மாதமாக யோசித்து, தன் தம்பியைக் கேட்டு, ஒப்பித்துப் பார்த்து வைத்திருந்தாள். அப்பா மறுத்துப் பேசவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் மெக்கானிக். அவர்தான் விசாரித்து எங்களைக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் கூட்டிப்போனார். ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு புரோக்கர் பழைய வண்டிகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு ஜீப்புகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை.

ஒன்று டீசல். சாம்பல் நிறம், கூரைத் துணி கிழிந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி. ஸ்டார்ட் செய்தால் வண்டி மொத்தமும் குளிர்ஜுரம் வந்ததுபோல நடுங்கியது. ஆனால் லிட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கொடுக்கும் என்றார் மாமா. இன்னொன்று பெட்ரோல். பச்சை, புதுப் பெயிண்ட், சீட்டில் கிழிசல் இல்லை. லிட்டருக்கு எட்டைத் தாண்டாது. ஆனால் மீட்டர் நாற்பத்திரண்டாயிரம்தான் காட்டியது.

“காப்பித் தோட்டத்து மொதலாளி ஓட்டுன வண்டிங்கம்மா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எடுப்பாரு, தொடச்சு நிறுத்திருவாரு” என்றார் புரோக்கர்.

“அந்த மொதலாளிக்கு இன்னும் எத்தன வண்டிங்க இருக்குது? நா பாத்த பெட்ரோல் ஜீப்பெல்லாம் அவருதுன்னுதான் சொல்றாங்க” என்றார் மாமா.

புரோக்கர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவள் பச்சை ஜீப்புக்குள் தலையை விட்டு அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணக்கு சுலபமானது. குறைவாக ஓடியது இனிமேல் நிறைய ஓடும். நிறைய நாள் ஓடினால் நிறைய நாள் புருஷன் வீட்டில் இருப்பான். மீட்டரின் ஒயரைக் கழற்றிவிட்டு ஊரெல்லாம் ஓட்டுவார்கள் என்பது அவளுக்கு யார் சொல்லித் தெரியும்? மாமா சொன்னார். “இவன் டீசல் வண்டிக்குக் கமிஷன் வாங்கிட்டான்” என்று கூடப்பிறந்தவனையே திட்டினாள்.

மாமா டீசல் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது அப்பா ஒரு வேலை செய்தார். பச்சை ஜீப்பின் இஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சின்மேல் வைத்தார், பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். இஞ்சினோடு ஃபோனில் பேசுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தேன். என் காதிலும் வைத்தார்.

“என்ன சாமி கேக்குது?”

“கோழி கொத்தற மாதிரி இருக்குதுப்பா. டொக்கு டொக்குன்னு.”

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இஞ்சினை நிறுத்தினார். மாமா அடியிலிருந்து வந்து, “மச்சான், அதக் கேட்டுப் பாத்தீங்களா?” என்றதற்கு, “ஒண்ணுங் கொற இல்ல” என்றார்.

நாலு நாள் வீட்டில் இதே பேச்சு. டீசல் என்றார் மாமா, பெட்ரோல் என்றாள் அம்மா. சோறு பரிமாறும்போதும் சண்டை, மாடு கறக்கும்போதும் சண்டை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். அப்பா இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு பீடி குடித்தார். எனக்குப் பச்சைதான் பிடித்திருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா வாயைத் திறந்தார். “மாரியம்மங்கிட்டயே கேட்டுருவோம்.”

“மச்சான், இஞ்சினுக்கு மாரியம்மன் என்னங்க சொல்லும்? பதினாலு வருசமா இஞ்சின் பக்கத்துல நிக்கறவரு நீங்க. நீங்க சொல்லுங்க.”

“நா என்னத்தக் கண்டேன்” என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கல்யாணம் பேசினாலும், கிணறு வெட்ட இடம் பார்த்தாலும், மனசுக்கு ஒரு முடிவு கிடைக்காவிட்டால் பூ கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியாக வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். குழந்தைக்குக் கள்ளம் தெரியாதாம். வெள்ளை வந்தால் டீசல், சிவப்பு வந்தால் பெட்ரோல் என்று அப்பாவே சொன்னார்.

மறுநாள் காலையில் கோயில் குழாயடியில் அம்மா எனக்குக் கால் கழுவிவிட்டாள். பொட்டலம் இரண்டையும் அவள்தான் மடித்திருந்தாள். குனிந்து என் காதில் சொன்னாள்.

“அம்மிணி, கண்ண மூடிக்கிட்டு ரெண்டையும் தடவிப் பாரு. ஒண்ணுல நாரு ரெண்டு முடிச்சு போட்டிருக்கும். அத எடு. ஆருகிட்டயும் சொல்லீராத.”

“சாமி கோவிச்சுக்காதாம்மா?”

“கோவிச்சா என்னைத்தான் கோவிக்கும். அப்பன் ஊட்டுல இருக்கோணுமா வேண்டாமா உனக்கு?”

இருக்கவேண்டும். எனக்கு உலகத்தில் அதைத் தவிர வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. பூசாரி பொட்டலங்களைக் குலுக்கி வைத்து, “கண்ண மூடிக்க சாமி, தாய நெனச்சுக்கிட்டு எடு” என்றார். நான் தாயை நினைக்கவில்லை. முடிச்சை நினைத்தேன். இரண்டு முடிச்சு கையில் தட்டுப்பட்டதும் எடுத்துக் கொடுத்தேன்.

செவ்வரளி.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா தலையில் கை வைத்தார். அப்பா அந்தப் பூவை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் தலையைத் தடவினார். சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன்.

அந்த நாற்பத்து மூன்று நாளும் அப்பா தினமும் வீட்டுக்கு வந்தார். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்து வாசலில் ஜீப்பில் இறக்கிவிட்டு மலைக்குப் போவார். இருட்டுவதற்குள் வந்துவிடுவார். அம்மா தினமும் தலையில் பூ வைத்தாள். குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் அப்பா குறை சொல்லவில்லை. அதிகமாகப் பேசவும் இல்லை. சாப்பிட்டதும் வாசலில் நின்று ஃபோனில் ரிக் ஆட்களோடு பேசுவார். அப்போது மட்டும் அவர் குரல் பெரிதாகும், சிரிப்பும் வரும். நான் பக்கத்தில் போனால் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு, “போ சாமி, உள்ள போ” என்பார்.

நாற்பத்து மூன்றாம் நாள் மேட்டில் ஏறும்போது இஞ்சின் வெடித்ததுபோலச் சத்தம் கேட்டு நின்றுவிட்டது. பதினோரு பேர் உள்ளே இருந்தார்கள். வண்டி பின்னால் உருண்டு ஒரு பாறையில் இடித்து நின்றது. அடி கிடி எதுவும் இல்லை. மாமா போய் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார். இஞ்சினைப் பிரித்தால் உள்ளே கம்பி முறிந்து இரும்பைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. சரிசெய்ய முடியாது என்று பழைய இரும்புக்குப் போட்டார்கள். அம்மா மூன்று நாள் சோறு தின்னவில்லை. ஆயுத பூஜை முடிந்தது. அப்பா போனார்.

அடுத்த வருடம் ஒரு மாதம் வந்திருந்தார். அதற்கடுத்த வருடம் பத்து நாள். பிறகு ஃபோன் மட்டும், பிறகு அதுவும் இல்லை. ஆந்திராவில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், மத்தியப் பிரதேசத்தில் குடும்பமாக இருக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். அம்மா யாரையும் அனுப்பித் தேடவில்லை. சாமியை ஏமாற்றியதற்குத் தண்டனை என்று ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் அந்த மாரியம்மன் கோயில் வாசலை மிதித்ததில்லை. திருவிழாவில் தேர் எங்கள் தெருவுக்கு வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்வாள். தேர் போனபிறகு, “உன்னையும் அந்தப் பாவத்துல கூட்டுச் சேத்துட்டேன் அம்மிணி” என்பாள். நானும் அப்படித்தான் நம்பினேன். தடவிப் பார்க்காமல் கைக்கு வந்ததை எடுத்திருந்தால் எங்கள் அப்பா வீட்டில் இருந்திருப்பார் என்று இருபத்தைந்து வயது வரைக்கும் நம்பினேன்.

போன வருடம் என் வீட்டுக்காரர் பழைய கார் ஒன்று பார்க்கப் போனார். மாமாவைத் துணைக்குக் கூப்பிட்டோம். அவருக்கு வயதாகிவிட்டது, பட்டறைக்குப் போவதில்லை. காரின் இஞ்சின்மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு, “பேரிங்கு போயிருச்சு, வேண்டாம்” என்றார்.

“எப்படி மாமா தெரியும்?”

“டொக்கு டொக்குன்னு அடிக்குது பாரு.”

எனக்குப் பச்சை ஜீப் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அப்பா என் காதிலும் வைத்தார், இதே சத்தம்தான் என்றேன். மாமா கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இஞ்சினைப் பிரிச்சன்னைக்கே கேட்டேன் சாமி. மச்சான், இது வாங்கறப்பவே போயிருந்த பேரிங்கு, உங்களுக்குத் தெரியாமயா போச்சுன்னேன். தெரியும்னாரு. ஏன் சொல்லலீன்னேன். டீசல் வந்தா இருந்துக்கலாம், பெட்ரோல் வந்தா போயிரலாம்னு பூக் கேட்டேன்டா, அம்மன் போகச் சொல்லிருச்சுன்னாரு.”

இவ்வளவுதான். இருக்கிறேன் என்று சொல்லவும் அந்த ஆளுக்கு வாய் வரவில்லை, போகிறேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. அதற்கு ஒரு சாமி, அதற்கு என் கை. பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு, உடையப்போகிற இஞ்சினை நாற்பத்து மூன்று நாள் மேட்டில் ஓட்டியிருக்கிறார். யாராவது செத்திருந்தால் அதையும் அம்மன் தலையில் போட்டிருப்பார். அம்மா அவரை வீட்டில் நிறுத்துவதற்காகப் போட்ட இரண்டு முடிச்சுதான் அவரை வெளியே அனுப்பியது. அம்மன் இதில் எங்குமே இல்லை. இருப்பதா போவதா என்ற கேள்வி அவள் காதுக்குப் போய்ச் சேரவேயில்லை.

அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. எத்தனையோ முறை வாய் வரைக்கும் வந்தது. சாமி உன்னைத் தண்டிக்கவில்லை என்று சொன்னால், அடுத்து என்ன சொல்வது? சாமி தண்டித்தது என்று நம்புகிறவரைக்கும் புருஷன் நல்லவன் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். அதையும் பிடுங்கினால் அவளிடம் என்ன இருக்கிறது? மாமாவும் இதற்காகத்தான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாராம். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வாயை மூடுவதில் கெட்டிக்காரர்கள்.

ஜீப் உடைந்த அந்த வருடம் அவர் கிளம்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஆட்களை வழியனுப்பக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கைக்குழந்தையைக் கொடுக்க மனமில்லாமல் ஒருவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு நின்றார். புதிதாகக் கல்யாணமான ஒருவர் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்று அழுதார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அப்பா ஒரே எட்டில் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து ஆளின் முதுகில் தட்டி என்னவோ சொல்லிச் சிரித்தார். வண்டி நகர்ந்ததும், “போயிட்டு வாரேன் சாமி” என்று உரக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். நாற்பத்து மூன்று நாளில் ஒருமுறைகூட அந்தக் குரலை நான் வீட்டுக்குள் கேட்டதில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன், அத்தனை பேரில் எங்கப்பா மட்டும்தான் அழவில்லை, எங்கப்பாவுக்கு அவ்வளவு தைரியம் என்று.