சுருட்டு மாமாவின் இருமல்

வானொலி நாடகத்துச் சுருட்டு மாமா காலமாகிவிட்டார்.

அவருடையதென்று முகநூலில் மூன்று படங்கள் ஓடுகின்றன. எது சரியென்று அடிபடுகிறார்கள். அறுபதுகளில் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்று, அங்கிருந்த வானொலியில் அவர் நாடகத்தைக் கேட்ட எங்களில் ஒருவரும் அவர் முகத்தைக் கண்டதில்லை.

இன்று உருத்திரபுரம் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த இளம் ஆசிரியை என் போனை எட்டிப் பார்த்து, "ஆர் ஐயா இவர்?" என்று கேட்டார்.

சொல்லி விளங்கப்படுத்த முடியாது. நாடகத்தில் மருமகள் வீட்டு வாசல் படலையடிக்கு வந்ததும் அவர் இருமுவாரே, அதை அப்படியே இருமிக் காட்டினேன்.

ஆசிரியை அவசரமாக முகக்கவசம் தேடினார்.

முன் சீற்றில் முன்பின் தெரியாத ஒரு நரைத்த கொண்டை. திரும்பாமலே சொன்னார்: "வாங்கோ மாமா, கதிரையில இருங்கோ."

நாடகத்தில் மருமகள் ஒவ்வொரு முறையும் சொல்லும் அதே வசனம்.

பின்னாலிருந்து ஒரு வழுக்கைத் தலை மாமாவின் பதிலைத் தொடர்ந்தது: "தேத்தண்ணி வேண்டாம் பிள்ளை, கதைக்கத்தான் வந்தனான்."

நடத்துநர் சினிமாப் பாட்டை நிற்பாட்டினார். இறங்கும்வரை பஸ் எங்களுடையது.

படங்களை விடுங்கள். அவரை உண்மையிலேயே தெரிந்தவர்கள் இந்தப் பதிவின் கீழே ஒருதரம் இருமிவிட்டுப் போங்கள்.