ஐந்தாவது பற்றரியில் சந்தனம்

நான் கோபக்காரன் என்பது எங்கள் வீதியில் எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்கு ஒருகாலத்தில் பெருமையும் இருந்தது. முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் இருந்தவன், பிழையைக் கண்டால் வாய் பொத்தமாட்டான் என்று நானே சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

பென்சன் எடுத்த பிறகு வீட்டில் குந்தியிருக்க முடியாமல் ஒரு பற்றரி வண்டி வாங்கினேன். மூன்று சக்கரம், முன்னால் ஓட்டுபவருக்கு ஆசனம், பின்னால் சாமான் ஏற்றத் தட்டு. பெற்றோலுக்கு வரிசையில் நின்று நொந்துபோயிருந்த காலம் அது. துறைமுகப் பக்கத்துத் தேநீர்க் கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் குடிதண்ணீர்க் கலன்கள் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் தொழில். இருபது கலன் ஏற்றினாலும் வண்டி சத்தமில்லாமல் போகும். "சத்தம் போடாத வண்டியில சத்தம் போடுற மனுசன் போறார்" என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

ஆசனத்துக்குக் கீழே ஐந்து பற்றரிகள். அவற்றைப் பார்ப்பது முழுக்க என் கைதான். சனிக்கிழமை காலையில் மூடியைத் திறந்து பற்றரித் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீரால் கழுவி, துடைத்து, மீற்றரை வைத்து ஒவ்வொன்றாக அளப்பேன். யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் இன்னும் கொஞ்சம் ஆறுதலாகச் செய்வேன். வித்தை தெரிந்தவன் என்று நாலு பேர் நினைப்பதில் எனக்கு ஒரு ஆசை.

போன வருடம் நவராத்திரிக்குள் ஐந்தாவது பற்றரி செத்துப்போனது. அதை மாற்றித் தந்தவர் சந்தியில் பற்றரிக் கடை வைத்திருக்கும், கிண்ணியா ஊரைச் சேர்ந்த ஒருவர். நாற்பது வயதிருக்கும். முஸ்லிம். என்னை அண்ணன் என்பார், நான் தம்பி என்பேன். அதிகம் கதைக்கமாட்டார், தலையைக் குனிந்து வேலை செய்வார். வண்டியும் நன்றாகவே ஓடியது.

நாலு நாள் கழித்து ஆயுத பூசை. உழைக்கிற சாமானுக்கெல்லாம் அன்று ஓய்வு கொடுத்து, கழுவி, சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வழக்கம். வண்டியின் முகப்பில் ஒரு பொட்டு வைத்து மாலை போட்டால் போதும். எனக்கு அது போதவில்லை. பற்றரிகளின் வயர்களைக் கழற்றி, முனைகளைக் கம்பித் தூரிகையால் மினுக்கி, ஒவ்வொரு முனையிலும் சந்தனம் வைக்கத் தொடங்கினேன்.

"வெளியில வைச்சாப் போதாதோ?" என்று மனைவி கேட்டாள்.

"வண்டி வெளியாலயோ ஓடுது? பற்றரியாலதானே ஓடுது" என்றேன்.

ஐந்தாவது புதுசு என்பதால் அதற்குக் குழைத்த சந்தனத்தை அள்ளிப் பெரிய பொட்டாக வைத்தேன். பிறகு வயர்களை அவற்றின் மேலேயே வைத்து ஆணிகளை முறுக்கிப் பூட்டினேன். தேவாரமும் பாடினேன்.

அடுத்த நாள் உவர்மலை ஏற்றத்தில், பாதி வழியில், வண்டி நின்றது. தட்டில் பாரம், பின்னால் ஒரு லொறி. வண்டி பின்னுக்கு வழுகத் தொடங்க, இரண்டு கலன்கள் விழுந்து உடைந்து தண்ணீர் வீதியில் ஓடியது. ஆட்கள் ஓடிவந்து பிடித்தார்கள். ஒருவர் சிரித்தது என் காதில் விழுந்தது. கலன் உடைந்ததைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தேன். ஐந்தாவது பற்றரியின் முனை கை வைக்க முடியாத சூடு. வயரின் உறை உருகியிருந்தது. மீற்றரை வைத்தேன். ஐந்தும் நல்லது என்று காட்டியது. நான் மீற்றரை நம்பவில்லை, என் ஆத்திரத்தை நம்பினேன். பழைய பற்றரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

சேர்ட்டைக்கூட மாற்றாமல் சந்திக்குப் போனேன். பற்றரிக் கடைக்கும் பக்கத்துத் தேநீர்க் கடைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு மட்டும்தான். அங்கே ஐந்தாறு பேர் இருந்தார்கள், எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். அவர்களுக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தம் போட்டேன். கள்ளப் பற்றரி என்றேன். கடைசியாக, "உங்கட ஆக்களிட்ட யாவாரம் வைச்சா இதுதான்" என்றேன்.

அந்த வசனம் எனக்குள் எங்கே இருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கந்தோரில் முஸ்லிம்களோடு ஒரே மேசையில் முப்பது வருடம் சாப்பிட்டவன் நான். பெருநாளுக்கு அவர்கள் வீட்டு வட்டிலப்பம் என் வீட்டுக்கு வரும். எனக்கு அந்தப் பேதமே இல்லை என்று மேடை போடாத குறையாகச் சொல்லுவேன். இரண்டு கலன் உடைந்த உடனே அது வெளியே வந்துவிட்டது.

அவர் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "வண்டியப் பாக்காம நான் ஒண்டும் சொல்ல ஏலாது அண்ணன். நாளைக்கு வீட்ட வாறன்" என்றார்.

சொன்னபடி காலையில் வந்தார். மீற்றரின் ஒரு முள்ளைப் பற்றரி முனையிலும் மற்றதை அதன் மேல் பூட்டியிருந்த வயரின் நுனி வளையத்திலும் வைத்தார். முன் சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, என்னை ஏறியிருந்து அக்சிலேற்றரை மெல்ல அமத்தச் சொன்னார். "ரெண்டும் ஒட்டித்தானே இரிக்கி, சைபர் காட்டணும்" என்றார். மீற்றரில் இலக்கம் ஏறியது. மின்சாரம் போகும் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது என்பது எனக்கே விளங்கியது. அவர் ஆணியைக் கழற்றி வயரைத் தூக்கினார்.

கீழே சந்தனம் கருகி, ஓடு மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிட்டது என் கதை. அவர் இனி என்ன சொன்னாலும் கேட்கத்தான் வேண்டும் என்று நின்றேன். அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"அண்ணன், இது பூசைச் சந்தனம்தானே? நான் சுரண்டலாமா, இல்லாட்டி நீங்களே எடுக்கிறீங்களா?"

நீங்களே செய்யுங்கோ என்று கையால் காட்டினேன். "கையக் கழுவித்து வாறன்" என்று அவர் எழுந்து குழாயடிக்குப் போய், கிறீஸ் போகக் கழுவி வந்து, பொறுமையாகச் சுரண்டி, தூளை ஒரு கடதாசியில் சேர்த்து என்னிடம் தந்தார். ஐந்து பற்றரியிலும் அப்படியே செய்தார். தேத்தண்ணீரோடு வந்த மனைவி என்ன பிழை என்று கேட்டபோது, "ஒரு ஆணி இளகியிருந்திச்சி, வேற ஒண்டுமில்ல" என்றார்.

"தம்பி, நேற்று நான்..." என்று தொடங்கினேன். "விடுங்க அண்ணன், ஓட்டிப் பாருங்க" என்றார். அவர் விடச் சொன்னதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்காமல் தப்பினேன் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

சந்தியில் கொட்டியதைச் சந்தியில்தான் அள்ளவேண்டும். அது தெரிந்தும் ஒரு கிழமை வேறு வீதியால் சுற்றிப் போனேன். எட்டாம் நாள் தேநீர்க் கடைக்குக் கலன் இறக்கவேண்டி வந்தது. நான் வாயைத் திறக்கமுதலே கடைக்காரர் சொன்னார்: "அண்ணை, நல்லவேளை சொன்னியள். என்ர மச்சான் பற்றரி போட வெளிக்கிட்டவர், நான் மறிச்சுப்போட்டன்."

"இல்லை, அந்தாள் சரி. பிழை என்ர. நான்தான் சந்தனத்தை வைச்சு வயரைப் பூட்டினனான்" என்றேன். அன்று சந்தி முழுக்கக் கேட்ட என் குரல், இன்று மேசையைத் தாண்டவில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்கோ இந்த மனுசனை" என்று மற்றவர்களிடம் சொன்னார். "ஏமாத்தினவன்ர பிழைப்புக் கெட்டிடும் எண்டு பழியைத் தன்னில போடுறார். இந்த மனசு ஆருக்கு வரும்?"

"பெரிய மனுசன் எண்டா இப்பிடித்தான் இருக்கவேணும்" என்றார் ஒருவர். எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள்.

பலகைக்கு அந்தப் பக்கம் சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. நான் எழுந்து, அன்று மாதிரி ஒருமுறை சத்தம் போட்டிருந்தால் போதும். எல்லோரும் என்னையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் பால் கூடுதலாக விட்டு ஒரு தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் அதை எடுத்துக் குடித்தேன்.