தபால்காரர் தூக்கி நின்ற சைக்கிள்

பாரிஸிலிருந்து அக்கா கொண்டுவந்த இசைத்தட்டின் உறையைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை வந்தது. எழுபதுகளில், காரைக்காலில், எங்கள் பியானோவைப் பூச்சி அரிக்காமலிருக்க அம்மா உள்ளே போட்டுவைத்த உருண்டைகளின் வாசனை. அக்காவின் வாசிப்பைக் கேட்டபின்தான் பாரிஸ் இசைப்பள்ளி இடம் தரும். நாங்கள் பதிவுசெய்து அனுப்பும் ஒலிநாடாவை அங்கிருந்த எங்கள் மாமா இசைத்தட்டாக்குவார். மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தி, வியர்வை வழிய அக்கா கடைசி வரிக்கு வந்தபோது, கருக்களாச்சேரி மீன்காரம்மா வாசலில் கூவினார்.

"மத்தி வந்திருக்கும்மா!"

அக்கா அழுதுவிட்டாள். அம்மா கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னாள்.

"என்னாலயா பாப்பா? திரும்ப வாசி. தெருவுல ஒரு ஈ காக்கா வராம நான் பாத்துக்கறேன்."

வாசித்து முடித்துக் கதவைத் திறந்தோம். மாட்டுவண்டி ஒன்று ஓரமாக நின்றது. தபால்காரர், சத்தம் வராமலிருக்க, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ஆச்சா பாப்பா?"

அக்கா சிரித்தாள். மீன்காரம்மா தபால்காரரிடம் திரும்பினார்.

"எறக்குங்கய்யா, பாப்பா பாஸாயிடும்."